இருக்கிற பிள்ளையா, போன பிள்ளையா?

பழனி அடிவாரத்தில் என் சித்தப்பா வைத்திருந்த படக்கடையில், நீண்ட மரப்பலகையின் மேல் அந்த ஆங்கிலேயப் பிள்ளை மல்லாந்து கிடந்தான். உடைந்த கண்ணாடியையும் பூஞ்சை பிடித்த பின்னட்டையும் களைந்தாயிற்று. வெறுந்தாளாகக் கிடந்த அந்தப் படத்தைச் சுற்றி முருகன்கள் நின்றார்கள்: மயிலேறிய முருகன், கோவணத்தாண்டி, இரு தேவியரோடு ராஜ அலங்காரத்தில் ஒருவன். வார்னிஷ் வாடையும், அடுத்த கடையில் பஞ்சாமிர்தத்துக்குப் பிசைந்துகொண்டிருந்த மலைவாழைப்பழத்தின் மணமும் ஒன்றாய்க் கலந்து வந்தன.

சித்தப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"ஏம்மா வள்ளி, இது இருக்கிற புள்ளையா, போன புள்ளையா?"

ஒரு மூச்சில் விடை சொல்லிவிட்டேன். அந்த விடையைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத அமர்ந்திருக்கிறேன். ஆயினும் அந்தப் பிள்ளை யார், கோடைக்கானலிலிருந்து பழனி வரை என் மடியில் ஏன் வந்தான் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

மேட்டு பங்களா

ஐம்பதுகளின் பிற்பகுதி. மணமான புதிதில் நாங்கள் நாயுடுபுரத்தில் குடியிருந்தோம். என் கணவர் மலையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். என் தந்தையார் பழனிக் கோயிலில் பதிகம் ஓதும் பணியில் இருந்தவர். அதனால் எனக்குப் பாடத் தெரியும். இலக்கணமும் ஓரளவு தெரியும். அவ்வளவே என் படிப்பு. அந்தப் படிப்பை நம்பித்தான், வட்டக்கானலுக்கு இறங்கும் பாதையின் தலைப்பில், மேட்டு பங்களாவில் தனியே வாழ்ந்த எடித் அம்மையார் தமக்குத் தமிழ் கற்பிக்க என்னை அழைத்தார்.

அவருக்கு அப்போது அறுபது வயது கடந்திருக்கும். கணவர் பண்ணைக்காட்டுப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருந்தவர். உலகச் சண்டைக்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் ராபின். பர்மாப் பக்கம் போருக்குப் போனவனைக் காணவில்லை என்று ஒரு தந்தி வந்தது. அதற்குப்பின் அவனைப் பற்றி ஒன்றும் வரவில்லை. இறந்தான் என்றும் எவரும் எழுதவில்லை; இருக்கிறான் என்றும் எழுதவில்லை.

நாடு விடுதலை பெற்றதும் மலையில் இருந்த வெள்ளைக்காரர் பலர் வீட்டை விற்றுக் கப்பல் ஏறினார்கள். எடித் அம்மையார் ஏறவில்லை. தாம் போய்விட்டால், திரும்பி வருகிறவன் எந்த வீட்டுக்கு வருவான் என்பது அவர் எண்ணம். அதை அவர் எவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருடைய சமையற்காரர் சவரிமுத்துதான் எனக்குச் சொன்னார்.

"வருசா வருசம் வெள்ளைக்காரங்க கோயில்லருந்து ஆளு வர்றாங்க டீச்சரம்மா. சண்டையில போனவங்க பேரெல்லாம் பித்தளைத் தகட்டுல வெட்டி செவுத்துல பதிச்சிருக்காங்கல்ல, அதுல தம்பி பேரையும் வெட்டிருவமான்னு கேக்காங்க. இவுக டீ குடுத்து, கேக்கு குடுத்து அனுப்பி வச்சிருவாக. பதிலு மட்டும் குடுக்க மாட்டாக."

வா, போ, வை

அவர் தமிழே அறியாதவர் அல்லர். நாற்பதாண்டுகளாகத் தமிழ் பேசியே வந்தவர். ஆனால் தோட்டத்தில் வேலை வாங்கிக் கற்ற தமிழாதலால், அதில் ஏவல் வினை ஒன்றே இருந்தது. வா, போ, வை, எடு, கொண்டா. ஒருமுறை தாசில்தாரின் துணைவியார் வீட்டுக்கு வந்தபோது, உள்ளம் நிறைந்த அன்போடு "வா, உக்காரு, தின்னு" என்று உபசரித்தாராம். அந்த அம்மாள் தின்றார், மறுபடி வரவில்லை. அந்த வெட்கம்தான் அவரை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது.

"எனக்கு மரியாதை சொல்லிக் குடு," என்றார் முதல் நாள்.

"'சொல்லிக் குடுங்க'ன்னு சொல்லணும்மா."

"ஆமாம். அதுதான். அதைச் சொல்லிக் குடு."

காலம் மூன்றையும் கற்பித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். கணவரைப் பற்றி எழுதும்போது இறந்தகாலம் தவறாமல் வரும்: "என் கணவர் தோட்டம் வைத்திருந்தார்." மகனைப் பற்றி எழுதும்போது மட்டும் எதிர்காலம்: "ராபின் குதிரை ஏறுவான். ராபின் படியில் ஓடி வருவான்."

நம் மொழியில் இதைத் திருத்தவும் முடியாது. 'வருவான்' என்றால் இனி வருவான் என்றும் பொருள். அந்நாளில் வழக்கமாக வருவான் என்றும் பொருள். ஒரே வினைமுற்று இரண்டையும் தாங்கும். இந்த நுட்பத்தை நான் அவருக்கு விளக்கியபோது எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல பாஷை," என்றார். அதன்பின் அந்த வினைமுற்றை அவர் விடவே இல்லை.

அச்சை உடைத்தபின்

இனி படம். அவருடைய முன்னறையில், கணப்புக்கு மேலே தொங்கியது. மரத்தடியில் ஒரு குழந்தை நிற்கிறது. கணுக்கால் வரை வெள்ளைக் கவுன், இடுப்பில் நீலப் பட்டுக் கச்சை, நெற்றியில் புரளும் மயிர். பெண் குழந்தை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அக்காலத்து ஆங்கிலேயர் சிறு ஆண்பிள்ளைகளுக்கும் கவுன் உடுத்துவார்களாம். பின்னே வானம் கறுத்திருந்தாலும், பிள்ளையின் முகத்தில் மட்டும் எங்கிருந்தோ வெயில் விழுந்திருக்கும். ஒரு கையில் எதையோ மூடிப் பிடித்திருப்பான். பொன்வண்டாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மூலத்தை வரைந்தவர் பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டுச் சீமான்களையும் சீமாட்டிகளையும் உருவெழுதிப் புகழ்பெற்ற ஓவியராம். எடித் அம்மையாரிடம் இருந்தது அதன் அச்சுப்படி. ஆனால் பழனிக் கடைகளில் அடுக்கிக் கிடக்கும் அச்சுப்படம் போன்றதன்று. செப்புத் தகட்டில் ஒருவர் கையாலேயே செதுக்கி, வண்ணம் தோய்த்து, குறித்த சில படிகளை மட்டும் எடுத்துவிட்டுத் தகட்டை அழித்துவிடுவார்களாம். இத்தனையில் இது இத்தனையாவது என்று கீழ் விளிம்பில் பென்சிலால் எண் எழுதி, செதுக்கியவர் கையெழுத்தும் இடுவாராம்.

இது எனக்கு வியப்பாயில்லை. நம் உற்சவத் திருமேனிகளும் அப்படித்தானே? மெழுகில் உருச்செய்து, மண்ணால் மூடி, உருக்கி வார்த்தபின் அந்த அச்சை உடைத்துத்தான் மூர்த்தியை வெளியே எடுப்பார்கள். அதே அச்சில் இன்னொரு மூர்த்தி வரமாட்டார். இதைச் சொன்னபோது அம்மையாருக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ராபினுக்கு நான்கு வயதாயிருந்தபோது லண்டனில் ஒரு கடைச் சாளரத்தில் இப்படத்தைக் கண்டு, தம் மகனே உள்ளே நிற்கிறான் என்று அவர் திகைத்து நின்றாராம். உடனே வாங்கிக் கப்பலில் கொண்டுவந்துவிட்டார். பின்னாளில் தோட்டத்து வீட்டில் கறையான் ஏறி, மகனுடைய குழந்தைப் புகைப்படங்கள் அத்தனையும் மண்ணாயின. எஞ்சியது பட்டாள உடுப்பில் எடுத்த ஒன்று மட்டும். அதில் இருப்பவன் ஒரு சிப்பாய். தம் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவருக்கு இந்த அச்சுப்படிதான் இருந்தது.

அந்த ஐப்பசி மழையில் ஆணி துருப்பிடித்து விட்டுவிட, ஒரு விடியற்காலையில் படம் கீழே விழுந்தது. கண்ணாடி நொறுங்கியது. பின்னட்டை முழுதும் பூஞ்சை. தாளுக்குச் சேதமில்லை என்றாலும், மூடாமல் வைத்தால் மலைப்பனியே அதைத் தின்றுவிடும். கோடைக்கானலில் சட்டம் போடுகிற தச்சர் காய்ச்சலில் கிடந்தார். அந்த வாரம் நான் பிறந்தகம் போவதாக இருந்தேன். எனக்கு ஐந்தாம் மாதம்.

"என் சித்தப்பா அடிவாரத்துல படத்துக்குச் சட்டம் போடுறவருங்கம்மா. ரெண்டு நாள்ல முடிச்சுக் கையோட கொண்டாந்திர்றேன்."

அவர் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு பென்சில் எண்ணைக் காட்டி, "இது மட்டும் தொடக் கூடாது. வெட்டக் கூடாது. சொல்லுவீங்களா?" என்றார். மரியாதை விகுதி பிழையின்றி வந்திருந்தது.

அடிவாரத்தில்

இன்றுள்ள நேர்ச்சாலை அந்நாளில் இல்லை. வத்தலக்குண்டுக்கு இறங்கி, அங்கே வேறு பஸ் மாறிப் பழனி போக வேண்டும். போர்வையில் சுற்றிய படத்தை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு வந்தேன். பண்ணைக்காட்டுப் பிரிவில் வாழைத்தார்களோடு ஏறிய ஓர் அம்மாள், "வயித்துல ஒண்ணு, மடியில ஒண்ணா? மடியில இருக்கறதை எங்கிட்டக் குடு தாயி," என்று சிரித்தாள். கொடுக்கவில்லை.

சித்தப்பா படக்கடைக்காரர் என்றாலும் தம் தொழிலைக் கைங்கரியமாகவே கருதியவர். குளித்துத் திருநீறு அணியாமல் கத்தரியைத் தொடமாட்டார். படத்தைப் பலகையில் விரித்ததும் அவர் செய்த முதல் காரியம், அளவுகோலை வெள்ளை விளிம்பின் மேல் வைத்தது.

"ஐயையோ, வெட்டாதீங்க சித்தப்பா."

"வெள்ளையா விட்டா மொட்டையா இருக்கும்மா. சாமி படத்துக்கெல்லாம் ஒட்ட வெட்டித்தானே போடுறோம்?"

"கீழ பென்சில்ல நம்பர் இருக்கு பாருங்க. அது போகக் கூடாது."

"என்ன நம்பரு? பஸ் நம்பரா?"

தகட்டையும் எண்ணையும் நான் விளக்கினேன். அச்சை அழித்துவிடுவார்கள் என்றதும் அவர் அளவுகோலை எடுத்துவிட்டார். "அதை மொதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப இது உற்சவர் மாதிரில்ல," என்றவர், உள்ளே திரும்பி உதவியாளரிடம், "ஏலே பரமா, அந்தப் பெரிய சட்டத்தை எடு. விளிம்போட போடணும். வெரசா வா," என்றார்.

அதன்பின்தான் அந்தக் கேள்வி வந்தது.

"இது இருக்கிற புள்ளையா, போன புள்ளையா?"

மாலை போடக் கொக்கி வைப்பதற்காகக் கேட்கிறார் என்றே நினைத்தேன். மறைந்தவர் படமானால் சட்டத்தின் தலையில் இரண்டு கொக்கிகள் அடிப்பது அவர் கடை வழக்கம். உண்மையில் படத்தில் இருந்த பிள்ளை வளர்ந்து, மூத்து, மாண்டு, மிக நெடுங்காலம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் சித்தப்பா கேட்டது அவனையன்று. இப்படத்தை எந்தத் தாய்க்காகச் சட்டமிடுகிறோமோ, அவளுடைய பிள்ளையை. வயிற்றில் ஒன்றைச் சுமந்து நிற்பவள் வாயில் மற்றோர் உயிரைப் பற்றிப் 'போன பிள்ளை' என்ற சொல் வருமா?

"இருக்கிற புள்ளைதான் சித்தப்பா," என்றேன்.

மலையேற வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருந்ததால், அடிவாரத்தில் உள்ள திருஆவினன்குடிக்குப் போய்க் குழந்தை வேலவனை வணங்கிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது படம் சட்டத்தில் அமர்ந்து, பின்னே பழுப்புத் தாள் ஒட்டி, செய்தித்தாளும் துணியும் சுற்றிக் கட்டி, வழித்துணையாக ஒரு பொட்டலம் திருநீற்றோடு காத்திருந்தது.

"நம்பரை ஒண்ணும் செய்யலையே சித்தப்பா?"

"விளிம்புல என் நகம்கூடப் படல. போய்ட்டு வா தாயி."

கன்னத்துப் பொட்டு

மேட்டு பங்களாவின் முன்னறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. எடித் அம்மையார் தாமே கட்டை அவிழ்த்தார். சவரிமுத்து துணியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். முதலில் அம்மையார் கண் போனது கீழ் விளிம்புக்கு. எண் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார்.

அப்போதுதான் மூவரும் கண்டோம். பிள்ளையின் வலக்கன்னத்தில், கண்ணாடிக்கு உள்ளே, மிளகளவு ஒரு கரும்புள்ளி.

விளிம்புக்காக நான் நடத்திய காவலெல்லாம் எதற்கு ஆயிற்று?

"மை சிந்திருச்சு போலயே," என்றார் சவரிமுத்து. கண்ணாடியை விரலால் துடைத்துப் பார்த்தார். "உள்ளாற கெடக்கு. பின்னாடி தாளைக் கிழிச்சா எடுத்துரலாம். கத்தி கொண்டாரட்டுமாம்மா?" சொல்லும்போதே குனிந்து உற்றுப் பார்த்தவர், குரல் தாழ்ந்து, "இது சிந்துனது இல்லீங்கம்மா. வச்சது. திருஷ்டிப் பொட்டு," என்றார்.

அம்மையார் என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஏன் வைத்தார்?"

எனக்கே அப்போதுதான் முழுதும் விளங்கியது. மறைந்த பிள்ளையின் படமானால் சித்தப்பா நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கண்ணாடியை மூடுவார். உயிரோடு இருக்கிற பிள்ளையின் படமானால் கண்படாமலிருக்கக் கன்னத்தில் மைப்பொட்டு இடுவார். கண்ணாடிக்கு மேலே வைத்தால் துடைக்கும்போது போய்விடும் என்று உள்ளேயே வைப்பார். இதைத் திக்கித் திக்கிச் சொன்னேன். கவிகளும் இதைத்தான் செய்தார்கள் என்பது பின்னர் எனக்குத் தோன்றிய எண்ணம்: முருகனையே குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடப் புகுந்தவர்கள், முதற் பருவமாக வைத்தது காப்பு. அவனுக்கு ஒரு தீங்கும் வராமல் காக்க மற்றத் தெய்வங்களை அழைத்துவிட்டுத்தான் பாட்டைத் தொடங்கினார்கள். அன்று இதையெல்லாம் சொல்லும் நிலையில் நான் இல்லை.

"அவர் உங்களை என்ன கேட்டார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க," என்றார் அம்மையார்.

"'இருக்கிற புள்ளையா, போன புள்ளையா'ன்னு கேட்டார்மா."

அவர் படத்தை மடியில் கிடத்திக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். கணப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"யாரும் என்னைக் கேக்கல," என்றார். "பட்டாளம் 'காணவில்லை' என்று எழுதியது. கோயில் ஆட்கள் 'பேர் வெட்டலாமா' கேட்டாங்க. பாதிரி ஐயர் 'வருத்தம்' சொன்னார். ஆனா ஒருத்தர்கூட என்னை இதைக் கேக்கல." என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொன்னீங்க?"

"இருக்கிற புள்ளைன்னு சொன்னேம்மா."

அவர் தலையசைத்தார். கண்ணாடியின் மேல், அந்தப் பொட்டு இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"சரியாகச் சொன்னீங்க. இவன் இருக்கிற பிள்ளை. எப்பவும் நாலு வயசு. எப்பவும் வெயிலில் நிக்கிறான்." விரலை எடுக்கவில்லை. "என் ராபின் போன பிள்ளை."

சவரிமுத்து கையிலிருந்த துணியைச் சுருட்டி மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"இங்கிலீஷில் இதுக்கு வார்த்தை இருக்கு," என்றார் அம்மையார், என்னைப் பார்த்து. "என் வாய் அதைச் சொல்லாது. இது வேற. 'போன' என்றால்... போயிருக்கிறான். அவ்வளவுதான்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. நான் அழுவதைப் பார்த்து, அந்த நிலையிலும், "இத்தனை படி எடுத்தாங்களே, அதில் பொட்டு வைத்த படி இது ஒன்றுதான் இருக்கும்," என்றார். சவரிமுத்து சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"பின்னாடி தாளைக் கிழிச்சு எடுத்துரவாம்மா?"

"வேண்டாம். பொட்டு இருக்கட்டும். நாளைக்கு வெள்ளனே கோயிலுக்குப் போய் ஐயரிடம் சொல்லுங்க, சவரி. தகட்டில் பேர் வெட்டலாம்."

"சரிங்கம்மா," என்ற சவரிமுத்து, போகாமல் நின்றார். ராபினைத் தோளில் தூக்கித் தோட்டத்தைச் சுற்றி வந்தவர் அவர் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. "முழுப் பேரையும் வெட்டச் சொல்லட்டுமா, ராபின்னு மட்டுமா?"

"முழுப் பேர்."

அவர் அடுக்களைப் பக்கம் போனபின், வெளியே பனி இறங்கிச் சாளரம் வெண்மையாயிற்று. அம்மையார் என்னிடம் கேட்டார்: "உங்க வீட்டில், போன பிள்ளைக்கு என்ன பாடுவீங்க?"

துக்க வீடுகளில் என் தந்தையார் பதிகம் ஓதுவார். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு நான் அதைப் பாடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதைச் சொன்னேன். "எனக்குத் தூங்க வைக்கிற பாட்டு தெரியும்மா. முருகனைத் தொட்டில்ல போட்டுப் பாடுறது. அதை வேணா பாடலாம்."

"அதைப் பாடுங்க."

தரையில், கணப்பின் அருகே அமர்ந்து, தாலப் பருவத்துப் பாடல் ஒன்றைத் தாழ்ந்த குரலில் பாடினேன். அவர் படத்தின் மேல் இரு கைகளையும் வைத்துக் கண்மூடியிருந்தார். சொற்களில் பாதிக்கு மேல் அவருக்கு விளங்கியிராது. இறுதி அடி வரை பாடி முடித்தேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவை," என்றார்.

முதலடியிலிருந்து மீண்டும் தொடங்கினேன்.